காரை எவ்வளவு தாழ்த்தலாம்? – பிடோக்கிலிருந்து ஒரு கணக்கு

கார் வைத்திருக்கும் இளையர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். முதல் ஆசை புது ரிம், இரண்டாவது ஆசை காரைத் தாழ்த்துவது என்பார்கள். டயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அது 'நல்ல உயரம்'. ஒரு கையே நுழைந்தால் 'டாக்சி உயரம்' என்று கிண்டல் செய்வார்கள். விரலை வைத்தே அளக்கும் உலகம் அது.

தாழ்ந்த கார் அழகுதான். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் 'எவ்வளவு தாழ்த்தலாம்?' என்று கேட்டால் விரல் கணக்கு விடை சொல்லாது. கடைக்காரரின் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணும் சொல்லாது. நீங்கள் தினமும் போய்வரும் வழியில் இருக்கும் மிக மோசமான மேடும், அன்றைக்குக் காரில் ஏறும் ஆட்களும்தான் விடை சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவே. மீதமெல்லாம் அதற்கான கணக்கு.

பயப்பட வேண்டாம்! ஆரம்பப்பள்ளிக் கணக்கே போதும். நான் ஜோகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், இப்போது இங்கே இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உயரம், நீளம், விகிதம் என்ற சொற்கள் எனக்குத் தமிழில் அறிமுகமாகி, மலாயில் வளர்ந்து, ஆங்கிலத்தில் பட்டம் வாங்கப் போகின்றன. அவற்றை மறுபடியும் தமிழுக்கு அழைத்து வர இந்த ஆண்டிதழ் எனக்கு ஒரு சாக்கு.

எங்கள் வீட்டு வழக்கு

பிடோக் நார்த்தில் என் தாய்மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். மாமாவிடம் ஒரு ஹோண்டா சிட்டி இருக்கிறது. அவருடைய மகன், என் மச்சான், தேசிய சேவையில் இருக்கிறான். மாதப்படியைச் செலவழிக்காமல் சேர்த்து, அப்பாவின் காரை 40 மி.மீ. தாழ்த்தத் தன் காசிலேயே ஸ்பிரிங் வாங்கித் தருவதாகச் சொன்னான். மாமா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். பிறகு இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் காரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மற்ற விஷயங்களைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

அந்தக் கார் யாருக்கெல்லாம் வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மாமா வேலைக்குப் போக வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பாட்டியை மாதம் இரண்டு முறை சாங்கி பொது மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லாரும் கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூரில் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். சிங்கப்பூரில் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் இருப்பதால், கார் வாங்குவதோடு பத்து ஆண்டு உரிமையையும் சேர்த்தே வாங்குகிறோம். 'சிஓஇ முடியிறவரைக்கும் இந்தக் காடி ஓடணும்' என்பது மாமாவின் கவலை. மச்சானின் கவலையும் நியாயமானதுதான். சொந்தமாகக் கார் வாங்கும் நாள் அவனுக்கு ரொம்பத் தூரம். கைக்கெட்டிய ஒரே கார் இது.

கடைசியில் மாமாதான் சொன்னார்: 'நீதான் இஞ்சினியருக்குப் படிக்கிறியே, நீயே கணக்குப் போட்டுச் சொல்லு. கணக்கு என்ன சொல்லுதோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுறோம்.'

அளக்க வேண்டிய மூன்று

காரின் உயரம் என்று சொல்லும்போது மூன்று அளவுகள் வேண்டும்.

முதலாவது, நடுவயிற்றின் தரை இடைவெளி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், காரின் அடியில் மிகத் தாழ்ந்து நிற்கும் பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. பெரும்பாலும் அது புகைக்குழாயாக இருக்கும். சில கார்களில் இன்னும் முன்னால் இருக்கும் எண்ணெய்த் தொட்டியாக இருக்கும்.

இரண்டாவது, சக்கர இடைத்தூரம். முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரையுள்ள நீளம். இதைத் தாழ்த்துவதால் மாற்ற முடியாது. ஆனால் மேட்டில் ஏறும்போது இதுவே பாதி விடையைத் தீர்மானிக்கிறது. மாமாவின் காரில் இது 2600 மி.மீ.

மூன்றாவது, முன் உதட்டின் உயரமும் அதன் நீட்சியும். பம்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன் சக்கர மையத்திலிருந்து எவ்வளவு தூரம் முன்னால் நீண்டிருக்கிறது என்ற இரண்டும் வேண்டும்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காலிக் காரை அளந்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். கார் காலியாகவா ஓடுகிறது? நாங்கள் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, சமதரையில் காரை நிறுத்தி, முதலில் காலியாக அளந்தோம். நடுவயிறு 140 மி.மீ. பிறகு மாமா, அத்தை, பாட்டி, மச்சான் எல்லாரையும் உட்கார வைத்து, ஜோகூர்ப் பயணத்துக்குப் போகும் பைகளையும் பின்னால் ஏற்றி அளந்தோம். 115 மி.மீ. ஆட்களும் பைகளும் ஏறியதாலேயே 25 மி.மீ. போய்விட்டது! முன் உதடு அப்போது 180 மி.மீ. உயரத்தில், சக்கர மையத்திலிருந்து 850 மி.மீ. முன்னால் இருந்தது.

மேட்டின் உயரமல்ல, நீளமே எதிரி

சாலை மேடுகளைப் பார்த்து நாம் பயப்படுவது அவற்றின் உயரத்தால். உண்மையில் காரின் வயிற்றை உரசுவது உயரம் மட்டுமன்று.

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் போக்குவரத்து, சாலை ஆய்வகத்தில் ஜி. ஆர். வாட்ஸ் என்பவர் பல வடிவ மேடுகளைச் செய்து, அவற்றின் மீது வாகனங்களை ஓட்டிச் சோதித்தார். 1973இல் வெளியான அந்த ஆய்வின் பயனாக வந்ததே 3.7 மீட்டர் நீளமும் ஏறக்குறைய 100 மி.மீ. உயரமும் கொண்ட வட்டவில் வடிவ மேடு. உலகின் பல நாடுகள் அதைப் பின்பற்றின. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதே 3.7 மீட்டர் நீளத்தையும் 10 செ.மீ. உயரத்தையும் சொல்கிறது.

இந்த மேட்டில் மாமாவின் கார் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேடு 3.7 மீட்டர், சக்கர இடைத்தூரம் 2.6 மீட்டர். ஆகவே நான்கு சக்கரங்களும் மேட்டின் மீதே நிற்கின்றன. மேட்டின் உச்சி 100 மி.மீ. என்றால், சக்கரங்கள் நிற்கும் இடமே 51 மி.மீ. உயரம். காரின் வயிறு விட்டுக்கொடுக்க வேண்டியது வித்தியாசமான 49 மி.மீ. மட்டும். மேடு 75 மி.மீ. உயரம் என்றால் வெறும் 37 மி.மீ. போதும். அதனால்தான் நன்றாகத் தாழ்த்திய கார்கூட இத்தகைய நீண்ட மேட்டைச் சத்தமில்லாமல் கடந்து போகிறது.

இப்போது குட்டையான மேட்டுக்கு வருவோம். கடைத்தொகுதிகளின் நிறுத்துமிடங்களிலும், ஜோகூரின் தாமான்களிலும் நாம் 'போங்கோல்' என்று சொல்லும் மேடு பெரும்பாலும் ஒரு முழ நீளந்தான். அது முன் சக்கரத்தைத் தாண்டியதும் முழுக்கக் காரின் வயிற்றுக்குக் கீழே வந்துவிடுகிறது. சக்கரங்கள் நான்கும் தரையில். எனவே 70 மி.மீ. மேடென்றால் 70 மி.மீட்டரும் வயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். பார்வைக்குச் சின்னதாகத் தெரிவதுதான் அதிகம் கேட்கிறது.

தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே விதிப்படி போட்ட வேகத்தடை ஒரு ரகம். விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்களே சிமென்ட்டைக் குழைத்துப் போட்டுக்கொண்டது இன்னொரு ரகம். கார் உரசுவது இரண்டாவதில்தான்.

வீவக சாய்தளத்தின் கணக்கு

பிடோக்கில் குடியிருப்பவர்களுக்கு மேட்டைவிட முக்கியமானது பலமாடி வாகன நிறுத்துமிடம். மேட்டை ஒதுக்கி வேறு வழியில் போகலாம். வீட்டுக்கு வராமல் இருக்க முடியுமா?

சாய்தளம் முடிந்து மேல்தளம் தொடங்கும் இடத்தில் ஒரு முறிவு இருக்கிறது. முன் சக்கரங்கள் சமதளத்துக்கு வந்துவிட்டன, பின் சக்கரங்கள் இன்னும் சாய்வில் இருக்கின்றன, முறிவு நடுவயிற்றுக்கு நேர் கீழே வருகிறது. ஆபத்தான கணம் இதுதான். இதற்குத் தேவையான இடைவெளியைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சக்கர இடைத்தூரத்தை நான்கால் வகுத்து, சாய்வால் பெருக்குங்கள்.

ஏன் நான்கு? முறிவு நடுவில் இருக்கும்போது ஒவ்வொரு சக்கரமும் அதிலிருந்து இடைத்தூரத்தின் பாதியில் இருக்கிறது. சாய்வையும் முன்பக்கமும் பின்பக்கமும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால்.

மாமாவின் காருக்கு 2600ஐ நான்கால் வகுத்தால் 650. பத்துக்கு ஒன்று என்ற சாய்வில், அதாவது பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சாய்வில், 65 மி.மீ. வேண்டும். எட்டுக்கு ஒன்று என்றால் 81 மி.மீ. ஆறுக்கு ஒன்று என்றால் 108 மி.மீ. சாய்வு கொஞ்சம் கூடினால் தேவை எப்படி ஏறுகிறது பாருங்கள். காரின் நீளமும் சேர்ந்துகொள்ளும். இடைத்தூரம் 2500 மி.மீ. உள்ள புதிய மைவிக்கு எட்டுக்கு ஒன்றில் 78 போதும். 2900 மி.மீ. உள்ள பெரிய காருக்கு 91 வேண்டும். ஆகவே 'அவன் காரில் 80 மி.மீ. வைத்திருக்கிறான், நன்றாகத்தானே ஓடுகிறது' என்ற வாதம் செல்லாது. அவன் கார் வேறு, அவன் புளோக் வேறு.

கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைச் சாய்தளத்தில் வைத்து, எங்கள் புளோக்கின் நிறுத்துமிடத்தை அளந்தோம். 7 டிகிரி காட்டியது. ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று.

சாய்தளத்தின் அடியில் வேறொரு கணக்கு. அங்கே உரசுவது முன் உதடு. நீட்சியைச் சாய்வால் பெருக்கினால் போதும். 850ஐ எட்டால் வகுத்தால் 106 மி.மீ. எங்கள் உதடு 180இல் இருந்தது. பிரேக் போடும்போது முன்பக்கம் அமுங்கும் என்று 30 மி.மீட்டரைக் கழித்தாலும் 150. தாராளம். ஆனால் தாழ்த்திய காருக்கு அழகுக்காகக் கீழே ஒரு 'லிப்' ஒட்டுவார்கள். 20 மி.மீ. தாழ்த்திவிட்டு 30 மி.மீ. லிப் ஒட்டினால், முன்பக்கத்தைப் பொறுத்தவரை அது 50 மி.மீ. தாழ்த்தியதற்குச் சமம்.

ஸ்பிரிங்குக்குள் நடப்பது

உரசாமல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. உயரம் என்பது வெறும் காலியிடமன்று. குழியில் விழும்போது சக்கரம் மேலெழுந்து, அதிர்ச்சியை ஸ்பிரிங் விழுங்கிக்கொள்ளத் தேவைப்படும் இடமும் அதுதான்.

ஒரு காரில் சக்கரம் மேலே போக 80 மி.மீ. இடம் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு மேல் போனால் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டையில் இடிக்கும். காரை 40 மி.மீ. தாழ்த்தினால் அந்த இடம் பாதியாகிறது. ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே பாதித் தூரத்தில் அதே அடியைத் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். 30 மி.மீ. தாழ்த்தினால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 20 மி.மீ. தாழ்த்தினால் ஒன்றேமுக்கால் மடங்கு.

தெருவில் ஓடும் காருக்கு நான்கு மடங்கு விறைப்பான ஸ்பிரிங்கை யாரும் விற்பதில்லை, விற்றாலும் உட்கார முடியாது. ஆகவே நடைமுறையில் என்ன ஆகிறது? கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் போட்டுவிடுகிறார்கள். மீதி அடியை ரப்பர்க் கட்டை வாங்குகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் முதுகில் 'டக்' என்று விழுவது அந்த அடிதான். முன்னால் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு அது விறுவிறுப்பு. பின்னால் இருக்கும் பாட்டிக்கு அது வலி.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் ரப்பரில் முட்டிவிட்டால், அந்த மூலை சட்டென்று விறைத்துக்கொள்ளும். மழை நேரத்தில் பிடிப்பு ஒரேயடியாகப் போவதற்கு இது ஒரு காரணம்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். வெட்டிய நுனி தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயரவும் கூடும்.

தாழ்ந்தால் பிடிப்பு கூடுமா?

'அழகுக்காக இல்லை, வளைவில் நன்றாகத் திரும்புவதற்காக' என்பது மச்சானின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. காரின் எடைமையம் தாழ்ந்தால், திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும் எடை குறையும். ஆனால் எவ்வளவு? எடைமையம் 550 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 20 மி.மீ. தாழ்த்தினால் கிடைப்பது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. 40 மி.மீ. தாழ்த்தினால் 7 விழுக்காடு.

அதுவும் முழுதாகக் கையில் வராது. பெரும்பாலான சின்னக் கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மேக்பர்சன் வகைத் தொங்கல் அமைப்பு. அதில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை, அதாவது லோவர் ஆர்ம், சாதாரண உயரத்தில் சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் இறங்கியோ மட்டமாகவோ இருக்கும். காரைத் தாழ்த்தினால் அது சக்கரத்தை நோக்கி மேலேறத் தொடங்கும். உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். நெம்புகோலின் கை நீளமாகிறது. கார் தாழ்ந்திருந்தும் அதிகமாகச் சாய ஆசைப்படுகிறது. அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங். இப்படியே ஒன்று மாற்றி ஒன்று.

சக்கரங்களின் கோணமும் மாறும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்து, வெளியிலிருந்து பார்க்கும்போது புதிதாகவே தெரியும். தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் செய்வது விருப்பம் அன்று, கட்டாயம்.

பிடிப்புதான் நோக்கம் என்றால் முதலில் காசைப் போட வேண்டிய இடம் டயர். சாலையைத் தொடுவது அது ஒன்றே.

வெளியுலகம் கற்ற பாடம்

இந்த இழுபறி நமக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியாவில் காரைத் தாழ்த்துவது பெருகியபோது, ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாகக் காரின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது என்று 1958இல் ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. 1959இல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில் நீரியல் பம்புகளைப் பொருத்தினார். நிற்கும்போது தாழ்வு, ஓடும்போது உயரம்! போலீசைப் பார்த்தால் விசையை அழுத்தி ஏற்றிக்கொள்ளலாம். பின்னாளில் புகழ்பெற்ற லோரைடர் கார்களின் குதியாட்டத்துக்கு அதுவே விதை. அந்தச் சட்டப்பிரிவு 2024 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது. இதில் நமக்குள்ள பாடம் ஒன்று: தாழ்வான உயரம் பார்ப்பதற்கு, ஓட்டுவதற்கு வேறு உயரம் வேண்டும் என்பதை லோரைடர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மெரினா பேயில் 2008 முதல் நடைபெறும் எஃப்1 பந்தயத்தைப் பார்த்தவர்கள், கார்களின் அடியிலிருந்து தீப்பொறி பறப்பதைக் கவனித்திருப்பார்கள். கார்கள் அளவுக்கு மீறித் தாழக்கூடாது என்பதற்காக 1994 முதல் அவற்றின் அடியில் 10 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பலகை பொருத்தப்படுகிறது. பந்தயம் முடியும்போது அது 1 மி.மீட்டருக்கு மேல் தேய்ந்திருக்கக்கூடாது. 2023இல் ஆஸ்டினில் நடந்த அமெரிக்கப் பந்தயத்தில் லூயிஸ் ஹாமில்டன் இரண்டாவதாக வந்தார், சார்ல்ஸ் லெக்லேர் ஆறாவதாக வந்தார். இருவரின் பலகையும் அளவுக்கு மேல் தேய்ந்திருந்ததால் இருவருமே தகுதியிழந்தார்கள். அந்தத் தடம் மேடுபள்ளம் நிறைந்தது. உலகின் தலைசிறந்த பொறியாளர்களுக்கே தடத்தின் மேடுபள்ளம் கணக்கைத் தப்பவைத்தது என்றால், நாம் எந்த மூலை!

தீர்ப்பு

இனி எங்கள் வழக்குக்கு வருவோம். ஆட்களோடும் பைகளோடும் நடுவயிறு 115 மி.மீ. எங்கள் வழியின் மிக மோசமான இரண்டு இடங்கள், புளோக்கின் சாய்தளமும் ஜோகூர் வீட்டுத் தெருவின் போங்கோலும்.

சாய்தளத்துக்கு 81 வேண்டும். மெதுவாக ஏறினாலும் கார் ஆடும் என்று 15 ஒதுக்கினோம். 115இலிருந்து இரண்டையும் கழித்தால் 19.

போங்கோல் 70. அதிலிருந்து முன் சக்கரம் சடாரென்று இறங்கும்போது கார் அதிகமாக அமுங்கும் என்பதால் 25 ஒதுக்கினோம். கழித்தால் 20.

இரண்டு இடங்களும் ஏறக்குறைய ஒரே விடையைச் சொல்லின. 20 மி.மீ. வரை தாழ்த்தலாம், அதற்கு மேல் கூடாது. மச்சான் கேட்ட 40 மி.மீட்டரைப் போட்டால் நடுவயிறு 75க்கு வந்துவிடும். 81 கேட்கும் சாய்தளத்தில், ஆடாமல் அசையாமல் ஏறினால்கூட, குடும்பத்தோடு வீடு திரும்பும் ஒவ்வொரு முறையும் உரசும். மாமா சொன்னபடி ஒரு மில்லிமீட்டரும் தொடக்கூடாது என்பதற்கும் கணக்கில் இடமில்லை.

காகிதத்தை மேசையில் வைத்தேன். மச்சான் வெகுநேரம் பார்த்துவிட்டு, 'தனியாப் போனா இன்னும் 25 கிடைக்கும்ல?' என்று கேட்டான். கிடைக்கும். ஆனால் கார் அவனுக்கு மட்டும் இல்லையே. அதை மாமா சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான்.

மாமாவும் இறங்கி வந்தார். 20 மி.மீ. ஸ்பிரிங் வாங்கினோம். மூன்று வாரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு மறுபடி அளந்ததில், உண்மையில் தாழ்ந்தது 18 மி.மீ. மீதமிருந்த காசில் மச்சான் நல்ல டயர் நான்கு வாங்கிப் போட்டான். பாட்டிக்கு ஏறி இறங்குவதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இருக்கை இன்னும் தாழ்ந்திருந்தால் முழங்காலை அதிகம் மடக்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது சின்ன விஷயமன்று.

சட்டத்தை மறக்க வேண்டாம்

சிங்கப்பூரில் எந்த மாற்றத்தை அனுமதியின்றிச் செய்யலாம், எதற்கு முன் அனுமதி வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வகைப்படுத்தித் தன் இணையத்தளத்தில் வெளியிட்டிருக்கிறது. கடைக்காரர் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்வதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள். கார் மூன்று ஆண்டைத் தாண்டியதும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து ஆண்டைத் தாண்டியதும் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். பிடோக்வாசிகளுக்குச் சோதனை நிலையம் காக்கி புக்கிட்டிலேயே இருக்கிறது. இந்தியாவில் படிக்கும் நண்பர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஸ்பிரிங் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வார இறுதியை இதற்காக ஒதுக்குங்கள்.

1. வழக்கமாக ஏறும் எல்லாரையும் ஏற்றி, சாமான்களையும் வைத்து, காரின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு வாரம் நீங்கள் போகும் வழிகளை நினைத்துப் பார்த்து, மிக மோசமான மூன்று இடங்களைப் பட்டியலிடுங்கள். சாய்தளமென்றால் சாய்வையும், மேடென்றால் உயரத்தோடு நீளத்தையும் அளங்கள்.

3. சாய்தளத்துக்கு இடைத்தூரத்தின் காலைச் சாய்வால் பெருக்குங்கள். குட்டை மேட்டுக்கு அதன் முழு உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கார் ஆடுவதற்கும் அமுங்குவதற்கும் 15 முதல் 25 மி.மீ. ஒதுக்குங்கள். மிச்சமிருப்பதே நீங்கள் தாழ்த்தக்கூடிய அளவு. மூன்று இடங்களில் எது குறைவோ அதுவே விடை.

5. அப்சார்பர் பழையதாக இருந்தால் ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்றுங்கள். விறைப்பான ஸ்பிரிங்கை வயதான அப்சார்பர் அடக்காது, கார் படகுபோல ஆடும்.

6. பொருத்திய உடனே அலைன்மென்ட், மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஓர் அளவு.

விடை பூஜ்யமாக வந்தால்? அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கார் ஏற்கெனவே உங்கள் வழிக்கு ஏற்ற உயரத்தில் இருக்கிறது என்று பொருள்.

விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே விரல் என்பது டயருக்கு மேலே நுழைக்கும் விரலன்று. உங்கள் வீட்டு வழி, உங்கள் காரில் ஏறுபவர்கள். இவை இரண்டையும் அளந்துவிட்டால், எவ்வளவு தாழ்த்தலாம் என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.